கோகிலாவின் பழைய நம்பர்

ஜனவரி 19

டயர் கடைக்காரர் கொடுத்த டைரி. அட்டையில் ஒரு பெரிய சக்கரம், அதன் நடுவில் முருகர். மற்ற டிரைவர்கள் இதைக் கிழித்து பஜ்ஜி எண்ணெய் ஒற்றுகிறார்கள். நான் எழுதுகிறேன். தாவணகெரேயில் மக்காச்சோளம் ஏற்ற வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது, சீட்டு ஆடத் தெரியாதவன் வேறு என்னதான் செய்வது?

ஒரே ஓனரின் இரண்டு லாரிகள். ஒன்றை நான் ஓட்டுகிறேன், இன்னொன்றைச் சென்னியப்பன். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பினால் சேர்ந்தே போவோம், சேர்ந்தே வருவோம். கிளீனர் வைக்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. வண்டிக்கு ஒரே ஆள். அதனால் போன்தான் எங்களுக்குக் கிளீனர். வண்டி கிளம்பியதும் ஒருவருக்கொருவர் போன் போட்டு ஹெட்செட்டைக் காதில் மாட்டினால், அடுத்த நிறுத்தம் வரைக்கும் கட் பண்ணுவதில்லை. முன்னால் போகிறவன் ரோட்டைச் சொல்ல வேண்டும். பள்ளம், மாடு, செக்கிங், எல்லாம். பின்னால் வருகிறவன் ஊர்க்கதை பேச வேண்டும். பேச்சு நின்றால் இரண்டில் ஒருவன் கண்ணை மூடிவிட்டான் என்று அர்த்தம், உடனே மற்றவன் கத்த வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற பாதிப் பேர் இப்படித்தான் உயிரோடு இருக்கிறோம்.

பெரும்பாலும் நான்தான் முன்னால். சென்னிக்குக் கதை நன்றாக வரும்.

ஜனவரி 25

பெட்ரோல் பங்க்கில் குளிக்கும்போது என் போன் வாளிக்குள் விழுந்தது. போனும் போச்சு, சிம்மும் போச்சு. புது சிம் வாங்க ஆதார் கார்டு வேண்டும், அது வீட்டில் பீரோவுக்குள் இருக்கிறது.

சென்னி அவன் வண்டியிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் கொடுத்தான். அவன் பெண்டாட்டி கோகிலாவின் பழைய போன். பொங்கலுக்கு அவளுக்கு டச் போனும் புது நம்பரும் வாங்கிக் கொடுத்துவிட்டான், இது சும்மா கிடந்ததாம்.

"சிம்மோட வெச்சுக்க மாப்ள. நம்பரெல்லாம் மாத்த வேண்டாம். எம்போன்ல கோகிலான்னுதான் உம்பேரு வரும். அப்பத்தான் நானும் ஆசையா எடுப்பேன்."

பங்க் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. என் வீட்டுக்காரி சம்பூர்ணத்துக்குப் போன் போட்டு, இனிமேல் இந்த நம்பர்தான் என்று சொன்னேன். ஊருக்குப் போனதும் புது சிம் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 2

புது சிம் இன்னும் வாங்கவில்லை. ஊரில் இருந்தது ஒரு நாள். அதில் பாதியைக் கிரீஸ் அடிக்கவே எடுத்துக்கொண்டான் ஒர்க் ஷாப்காரன்.

இன்றைக்கு கிருஷ்ணகிரி தாண்டி எங்கள் இரண்டு வண்டியையும் மடக்கினார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., பின்னால் ஒட்டுகிற சிவப்பு ஸ்டிக்கர், டயர் என்று எல்லாம் பார்த்தார் இன்ஸ்பெக்டர். எதுவும் அகப்படவில்லை. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. அப்புறம் என் கழுத்தைப் பார்த்தார்.

"என்னய்யா தொங்குது?"

"ஹெட்செட்டுங்க சார். கை ரெண்டும் ஸ்டியரிங்லதானுங்க இருக்குது."

"கை இருக்கு. காது எங்க இருக்கு?"

சென்னி, "தூக்கம் வராம இருக்கத்தானுங்க சார்" என்றான். தூக்கம் வந்தால் ஓரம் கட்டித் தூங்கச் சொன்னார். தூங்கினால் ஓனர் விடுவாரா என்று அவரிடம் கேட்க முடியுமா? இரண்டு பேருக்கும் ஃபைன் போட்டார். என் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னொரு வாட்டி மாட்டுனீன்னா லைசென்ஸ் சஸ்பெண்டு" என்றார்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஓனர் கூப்பிடுகிறார். எங்கே வருகிறீர்களாம், ஏன் போனை எடுக்கவில்லையாம். எடுத்தால் இவர் பிடிக்கிறார், எடுக்காவிட்டால் அவர் கடிக்கிறார். எனக்கு இந்தத் தொழிலை விட்டால் ஒரு மண்ணும் தெரியாது. லைசென்ஸ் போனால் வீட்டில் உட்கார்ந்து கோழிக்குத் தீவனம் போட வேண்டியதுதான்.

பிப்ரவரி 5

ஹெட்செட் வேண்டாம் என்று முடிவு. அதற்கு வேறு வழி கண்டுபிடித்தோம். போனைக் காதோடு வைத்து, மேலே துண்டைச் சுற்றித் தலைப்பா கட்டிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. கையும் சும்மா இருக்கும், காதும் மூடியிருக்கும், வெயிலுக்கும் நல்லது. எவன் வந்து தலைப்பாவை அவிழ்த்துப் பார்க்கப் போகிறான்? ஒசூரில் ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்து, "என்ன கவுண்டரே, மாப்பிள்ளை மாதிரி வர்றீங்க" என்று கேட்டுவிட்டு விட்டுவிட்டார். தலைப்பாவுக்குள் சென்னி கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆனால் அவன் கட்டுகிற துண்டு நிற்பதில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போன் நழுவி மடியில் விழுகிறது. லாரிக்காரனுக்குத் தலையில் ஒரு துண்டு கட்டத் தெரியவில்லை. நான் தார்ப்பாய் கட்டினால் மலையில் வீசுகிற காற்றுக்கும் அசையாது.

பிப்ரவரி 9

சென்னியப்பன் செத்துவிட்டான்.

பிப்ரவரி 11

நேற்று எழுத முடியவில்லை. போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடம்பைக் கொடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சென்னியின் அண்ணன் நாச்சிமுத்து வேப்பமரத்தில் சாய்ந்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உடம்பை நானும் சேர்ந்துதான் ஆம்புலன்ஸில் ஏற்றினேன். கோகிலாவும் மகள் பாப்பாவும் வீட்டில் இருந்தார்கள். அங்கே நடந்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

நடந்தது இதுதான். சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பினோம். நான் முன்னால் போய்விட்டேன். செக்கிங்குக்காக நிறுத்தியிருந்த ஒரு டிரெய்லர் லாரியின் பின்னால் சென்னி போய் மோதிவிட்டான். பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை. தூங்கிவிட்டான் என்கிறார்கள். இருக்கலாம்.

பட்டன் போன் அந்தக் களேபரத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டது.

பிப்ரவரி 12

ஓனர் வண்டியைச் சும்மா நிறுத்தாதே என்கிறார். பிரேக் லைனிங் மாற்றக் கொடுத்திருக்கிறேன். புது சிம் வாங்கினேன்.

சாயங்காலம் சென்னி வீட்டுக்குப் போனேன். ஸ்டேஷனுக்குப் போய்வந்த நாச்சிமுத்து பந்தலுக்குக் கீழே நின்று எல்லாரும் கேட்கச் சொன்னார்.

"தூங்கலீங்க அவன். போன் பேசிட்டு வந்திருக்கறான். மோதற வரைக்கும் பேசியிருக்கறான். போலீஸ்காரரு அவம் போனையே எங்கிட்டக் காட்டுனாரு. கோகிலான்னு பேரே வந்திருக்குது."

அதுவரை அழுதுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டுக் கோகிலாவைப் பார்த்தார்கள்.

"நான் பேசலீங்க மாமா. எம்போன வேண்ணாப் பாருங்க."

"இதுதான் புது நம்பராச்சே. பழைய நம்பர்ல பேசியிருக்கற. எங்க அந்தப் போனு? எடுத்துட்டு வா பாக்கலாம்."

அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பந்தல்காரன் கூப்பிட்டான், நான் எழுந்து போய்விட்டேன்.

பிப்ரவரி 15

லோடு இல்லை. தார்ப்பாய் காயப் போட்டேன். இரண்டு இடத்தில் கிழிசல், தைக்க வேண்டும்.

சம்பூர்ணம் இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது. இன்றைக்குத் தட்டை வைத்துவிட்டு அவள் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். அந்தப் பழைய நம்பரை "அவுரு" என்று போட்டு வைத்திருக்கிறாள்.

"இத அழிச்சரட்டுங்களா, இல்ல இருக்கட்டுங்களா?"

"ரசத்த ஊத்து."

"கடையில போய் நின்னா அவளத்தான் கரிச்சுக் கொட்டறாங்க. வண்டி ஓட்டறவன்கிட்ட அப்படி என்ன கொஞ்சலு, பேசியே கொன்னுபோட்டாள்னு. கேக்கறதுக்கு எனக்கு நெஞ்சு பதறுதுங்க. உங்களுக்குப் பதறலீங்களா?"

ரசத்தை நானே ஊற்றிக்கொண்டேன். லைசென்ஸ் போனால் இவளா வண்டி ஓட்டிச் சோறு போடப் போகிறாள்? பெண்களுக்கு எல்லாம் வாயால் முடிந்துவிடும். கொஞ்ச நாள் பேசுவார்கள், அப்புறம் ஊர் வேறு ஒருத்தரைப் பிடித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 19

தனியாக ஒரு டிரிப். போனை ஆஃப் பண்ணி டூல்ஸ் பாக்ஸில் போட்டுப் பூட்டிவிட்டேன். ஓனர் கத்தினால் கத்தட்டும். தூக்கம் வந்தபோது பச்சை மிளகாயைக் கடித்தேன்.

கிருஷ்ணகிரிக்கு முன்னால் விழிப்புணர்வு முகாம் என்று ஷாமியானா போட்டு, டிரைவர்களை இறக்கி உட்கார வைத்திருந்தார்கள். அதே இன்ஸ்பெக்டர். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். என் காதைப் பார்த்தார், கேபினைப் பார்த்தார், போன் எங்கே என்று கேட்டார். டூல்ஸ் பாக்ஸைக் காட்டியதும் அவருக்கு ஒரே சந்தோஷம். எல்லாருக்கும் முன்னால் நிறுத்திக் கையில் ஒரு சாக்லேட்டும் ரோஜாப் பூவும் கொடுத்தார்.

அப்புறம் மைக்கில் பேசினார். "இதே ரோட்டுல பத்து நாள் முன்னாடி ஒருத்தர் பொண்டாட்டிகிட்ட பேசிக்கிட்டே வந்து செத்தார். அந்தம்மாவுக்கு இனி ஆயுசுக்கும் தூக்கம் வருமா? உங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்ட சொல்லுங்க, வண்டியில இருக்கறப்போ போன் பண்ணாதீங்கன்னு."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நானும் ஆட்டினேன். கையில் ரோஜாப் பூவை வைத்துக்கொண்டு ஆட்டினேன்.

வண்டியில் ஏறிக் கொஞ்ச தூரம் வந்ததும் ஓரம் கட்டி வாந்தி எடுத்தேன். மிளகாய் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 24

நாளைக்குக் கருமாதி. மிளகாய் ஒத்துக்கொண்டதுதான். பொய் எழுதி யாரை ஏமாற்றுகிறேன், இந்த முருகரையா?

அன்றைக்கு ஓட்டலில் சாப்பிட்டுக் கை கழுவும்போது சென்னி துண்டைக் கட்டிக்கொண்டிருந்தான். வழக்கம்போலத் தொளதொள என்று கட்டினான். "குடுடா இங்க" என்று வாங்கி, காதில் போனை வைத்து அழுத்தி, துண்டைச் சுற்றி, பின்னந்தலையில் தார்ப்பாய்க்குப் போடுகிற மாதிரி இரட்டை முடிச்சு போட்டேன். "மண்டையே போனாலும் போன் போவாது" என்றேன். "வலிக்குது மாப்ள" என்றான். பழகிவிடும் என்றேன்.

அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கோகிலா வெள்ளாட்டுக் குட்டி ஒன்று வாங்க வேண்டும் என்று அடம்பிடிப்பதைச் சொல்லிக்கொண்டே வந்தான். குட்டிக்குப் பாப்பா இப்போதே பெயர் வைத்துவிட்டாளாம். பாலத்தின் இறக்கத்தில் செக்கிங் நிற்பதைப் பார்த்தேன். அன்றைக்குத் தலைப்பாவை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எங்களைப் போல வேறு எவனோ மாட்டியிருப்பான் போல. நான் என் துண்டைத் தோளுக்குத் தள்ளி, போனை மடியில் மறைத்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னேன்.

"டேய், செக்கிங் நிக்குது. துண்ட அவுத்துப் பாக்கறாங்க. போன எடுத்து மறச்சுரு, சீக்கிரம்."

"இரு மாப்ள, முடிச்சு அவுர மாட்டீங்குது."

"ரெண்டு கையிலயும் பிச்சு எறிடா."

நான் சொன்னதை அவன் செய்தான். அந்தச் சத்தம் போனில் ஒரு முறை கேட்டது, வெளியில் ஒரு முறை கேட்டது. அப்புறமும் லைன் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கட் பண்ணினேன்.

பட்டன் போன் தொலையவில்லை. ஊருக்கு வந்த அன்று ராத்திரி காவிரிப் பாலம் வரைக்கும் போய் வீசினேன். பந்தல்காரன் யாரையும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 26

கருமாதி முடிந்தது. கோகிலாவை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாப்பாவை அனுப்பவில்லை. "எந்தம்பி புள்ள எங்ககூடத்தான் இருக்கும். அப்பனக் கொன்னவகிட்ட எப்படி உடறது?" என்று நாச்சிமுத்து சொன்னார். ஏழு வயசுப் பெண். தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தார்கள்.

நான் அங்கேதான் நின்றேன். வாழை இலை எடுத்துப் போட ஆள் இல்லை என்று எடுத்துப் போட்டேன்.

மார்ச் 3

சம்பூர்ணம் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினாள். சங்ககிரிப் பக்கத்தில் இருக்கிறது கோகிலாவின் அம்மா வீடு. தறிச் சத்தம் காதை அடைத்தது. கோகிலா தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மிணி, நான் வந்து" என்று ஆரம்பித்தேன்.

"உங்கள ஒண்ணே ஒண்ணு கேக்கணும்ணா. ஊரே எங்கிட்டக் கேக்குது, கடைசியா என்னடி சொன்னான், என்னடி சொன்னான்னு. நான் கேக்கவே இல்ல. நீங்கதான கேட்டீங்க. அவரு என்ன சொன்னாரு?"

"பாப்பாவப் பத்திப் பேசுனான். உன்னையப் பத்தி."

"அது முன்ன. கடைசியா?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் உள்ளே போய் ஒரு பையை எடுத்துவந்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிகள். அதிலிருந்து துண்டை எடுத்தாள். நடுவில் கத்தரியால் வெட்டியிருந்தார்கள். முடிச்சு அப்படியே இருந்தது.

"இது அவரு கட்டற முடிச்சு இல்லீங்ணா. அவருக்குப் பாப்பாவோட ரிப்பனே கட்டத் தெரியாது."

"இரு மாப்ள, முடிச்சு அவுர மாட்டீங்குதுன்னான். நான் கட்டுனது அம்மிணி."

அவள் துண்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். ரொம்ப நேரம் மடித்தாள். நான் இன்றைக்கே நாச்சிமுத்துவிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவள் குரல் உயர்ந்தது.

"வேண்டாமுங்ணா. அன்னைக்குப் பந்தல்ல சொல்லியிருந்தீங்கன்னா சரி. அவரு குடுத்தாரு, நீங்க வெச்சிருந்தீங்க, அவ்வளவுதான்னு போயிருக்கும். நானாச் சொல்லியிருப்பேன். எம்போன் இன்னொரு ஆம்பளகிட்ட இருக்குதுன்னு புருசன் செத்த ஊட்டுல நின்னுக்கிட்டு எப்படிச் சொல்றது? அவரும் இல்ல சாட்சிக்கு. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். எந்திரிச்சுப் போயிட்டீங்க. இப்ப சொன்னா கத வேறயாயிரும். எங்கண்ணன் போய் கால்ல உழுந்து பேசியிருக்கறான். பரீட்ச முடிஞ்சதும் பாப்பாவ அனுப்பறேன்னு ஒத்துக்கிட்டாங்க. பேசிக் கொன்னவன்னே இருந்துட்டுப் போறேன். எம்புள்ள வந்தாப் போதும்."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6

சரி என்று சொன்னேனே தவிர மனது கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தால் துண்டு முடிச்சுதான் தெரிகிறது. அன்லோடு முடித்துவிட்டு பஸ் பிடித்து, விபத்து நடந்த ஊர் ஸ்டேஷனுக்கே போனேன். லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன், அவர்களே வாங்கிக்கொள்ளட்டும் என்று.

எஸ்.ஐ. சின்ன வயசு. பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அது முடிஞ்ச கேஸுங்க" என்றார்.

"ஓட்டுனவரே இறந்துட்டாரு. வேற யாருக்கும் அடி இல்ல. நீங்க முன்னாடி போனவரு. உங்க மேல என்ன கேஸ் போடறது?"

"எம்பட லைசென்ஸுங்க?"

"அன்னைக்கு நீங்க பேசுனத யார் பிடிச்சா? வீட்டுக்குப் போங்க. இனிமே பேசாதீங்க."

அவ்வளவுதான். இதற்காகத்தான் நான் பந்தலை விட்டு எழுந்து போனேன். இதற்காகத்தான் ஒரு குழந்தையின் விரலைப் பிரிக்கும்போது இலை எடுத்தேன். ஸ்டேஷன் வாசலில் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது. கூடவே, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரியும் இருந்தது. இனி எதற்குப் பயப்பட வேண்டும்? உண்மையைச் சொன்னால் கோகிலாவின் பழி போகும், பாப்பாவும் நாளைக்கே தாயிடம் போகும். அவள் பயந்த சுபாவம், அப்படித்தான் வேண்டாம் என்பாள்.

மார்ச் 8

சொல்லிவிட்டேன்.

நாச்சிமுத்து வீட்டு வாசலில், அவர் அம்மா, பங்காளிகள் எல்லாரும் இருக்கும்போது சொன்னேன். போன் வாங்கியது, துண்டு கட்டியது, கடைசிப் பேச்சு, ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. யாராவது அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

நாச்சிமுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவ போனு உங்கிட்ட எதுக்கு இருந்துச்சு?"

"சென்னிதானுங்க குடுத்தான்."

"செத்தவன் வந்து சொல்லுவானா? எங்க அந்தப் போனு?"

"காவிரில வீசிட்டனுங்க."

கூட வந்திருந்த சம்பூர்ணம் முன்னால் போய் அவள் போனைக் காட்டினாள். "பாருங்க, அந்த நம்பருக்குத் தெனமும் கூப்பிட்டது நானுங்க. இவருகிட்டதானுங்க பேசுனேன்." நாச்சிமுத்து அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பங்காளிகள் பக்கம் திருப்பினார். "பாத்துக்கங்க. அவ நம்பர இந்தம்மா 'அவுரு'ன்னு போட்டு வெச்சிருக்குது. அப்ப எத்தன நாளா அவ போனு இவன்கிட்ட இருந்திருக்குது? என்ன இருக்குதுன்னு அத ஆத்துல வீசுனான்? அவ ஏன் இத்தன நாளு வாயத் தொறக்கல?"

சென்னியின் அம்மா மண்ணை வாரி எங்கள் மேல் இறைத்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பாப்பா நின்றுகொண்டிருந்தது. அதற்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

மார்ச் 10

பங்க் பக்கத்து டீக்கடைக்கு நான் போனதும் பேச்சு நின்றுவிட்டது. ஒருவன் மட்டும் கப்பைக் கீழே வைக்காமல், "கோகிலான்னு பேரு வந்தா ஆசையா எடுப்பேன்னு சென்னி சொன்னான். அந்த அப்பாவிக்கு எங்க தெரியும்" என்றான். அன்றைக்கு அதே பெஞ்சில் உட்கார்ந்து அதற்குச் சிரித்தவன்.

மார்ச் 13

பாப்பாவை அனுப்ப முடியாது என்று சொல்லி ஆள் விட்டிருக்கிறார்கள். பரீட்சை முடிந்தாலும் இல்லை, எப்போதும் இல்லை. கோகிலாவின் அண்ணன் போய்க் கேட்டதற்கு, "உந்தங்கச்சிக்குத்தான் ஆளிருக்குதே" என்றார்களாம். அண்ணனும் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சம்பூர்ணம் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டு சங்ககிரிக்குப் போயிருக்கிறாள். "அவகூட நான் போய் உக்காந்தா ஊரு வாய் கொஞ்சமாச்சும் மூடும்" என்றாள். எப்போது வருவாள் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 17

லோடு ஏற்றிக்கொண்டு வரும்போது போன் அடித்தது. டூல்ஸ் பாக்ஸுக்குள் இருந்து அடித்தது. எடுக்கவில்லை. நல்ல இடம் பார்த்து ஓரம் கட்டி, ஹேண்ட்பிரேக் போட்டு, இன்டிகேட்டர் போட்டு, இறங்கிப் போய்ப் பெட்டியைத் திறப்பதற்குள் நின்றுவிட்டது. தெரியாத நம்பர். திருப்பிக் கூப்பிட்டேன். கோகிலா.

ரொம்ப நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பின்னால் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. பேச்சு நின்றால் கத்த வேண்டும் என்பது எங்கள் பழக்கம். எனக்கு வாய் வரவில்லை.

"அம்மிணி, நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்."

"தெரியுமுங்ணா." குரலில் கோபம் இல்லை. "எல்லாருஞ் சேந்து திட்டுனாலும், கடைசியா எங்கிட்டப் பேசிக்கிட்டே போனாருன்னு ஊருல ஒரு பேச்சு இருந்துச்சு. அதக் கேட்டுக் கேட்டு எனக்கே பேசுன மாதிரி இருந்துச்சுங்ணா. அதையும் எடுத்துட்டீங்க."

அவள்தான் கட் பண்ணினாள்.

போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். கிருஷ்ணகிரிக்கு முன்னால் செக்கிங் நின்றது. கேபினை எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, போ என்று சொல்லிவிட்டார்கள்.